மறைக்க வேண்டிய செய்தியா மரபு?

இதயத்தைப் பாடாத கவிஞர் இல்லை. மலர் என்பார், கோயில் என்பார், சினம் வந்தால் கல் என்பார். அந்தக் கடைசிச் சொல்லைக் கேட்கும்போது மட்டும் எனக்கு உள்ளூர ஒரு நடுக்கம். இதயத்தின் ஒரு பகுதி மெய்யாகவே கல்லைப் போல் இறுகிவிடுவதுண்டு. என் பெரியப்பாவுக்கு இறுகியது.

ஐம்பத்திரண்டு வயதில் மாடிப்படி ஏறும்போது மயங்கி விழுந்தார். எக்கோ எடுத்தார்கள். இடது கீழறையிலிருந்து பெருந்தமனிக்கு இரத்தம் செல்லும் வாயிலில் உள்ள வால்வு, சுண்ணாம்பு படிந்து குறுகிப் போயிருந்தது. அறுவை செய்து சித்ரா வால்வு பொருத்தினார்கள். திருவனந்தபுரத்தில் உருவாக்கப்பட்டு 1990-ல் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்ட வால்வு அது. "இவருக்குப் பிறவியிலேயே மூன்று இதழுக்குப் பதில் இரண்டு இதழ்தான். உடன்பிறந்தவர்களும் பிள்ளைகளும் ஒருமுறை எக்கோ எடுத்துப் பாருங்கள்" என்றார் மருத்துவர்.

அப்போது என் அக்காவுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "வெளியே மூச்சு விடாதே" என்று வீட்டில் அனைவருக்கும் உத்தரவு. எக்கோ எடுக்கப் போனால் ஊருக்குத் தெரிந்துவிடும் என்று அதையும் கைவிட்டார்கள். ஒன்றரை ஆண்டு அப்படியே ஓடியது. அந்த மௌனத்தைப் பற்றியே இக்கட்டுரை.

உயிருள்ள இதழ்

இதயம் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் முறை துடிக்கிறது. அத்தனை முறையும் திறந்து மூடும் வால்வு, பழைய கதவின் கீல் போலத் தேய்ந்து போகிறது என்றே நெடுங்காலம் எண்ணினர். ஆனால் வால்வின் இதழ் உயிருள்ள திசு. அதனுள் இருக்கும் செல்கள் நாள்தோறும் பழுது பார்க்கின்றன. அழற்சியும் அழுத்தமும் மிகும்போது இச்செல்களுள் சில தம் இயல்பு மாறி, எலும்பைக் கட்டும் செல்களைப் போல நடக்கத் தொடங்குகின்றன. அறுவையில் அகற்றப்பட்ட வால்வுகள் சிலவற்றில் முதிர்ந்த எலும்பே இருந்ததை 2001-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினர்.

செல் இப்படித் தடம் மாறாமல் காப்பது யார்? 2005-ல் இரு குடும்பங்களை ஆராய்ந்தவர்கள், 'நாட்ச் 1' என்னும் மரபணுவில் பிழை இருப்பதைக் கண்டனர். கருவில் வால்வு உருவாவதிலும் அதற்குப் பங்கு உண்டு. பின்னாளில் செல் எலும்பு வழியில் போகாமல் தடுப்பதிலும் பங்கு உண்டு. காவலன் ஒருவன் தவறினால் இரு வாயிலும் பாழ்! இரத்தத்தில் ஒருவகைக் கொழுப்புப் புரதத்தின் அளவைக் கூட்டும் மற்றொரு மரபணு மாற்றமும் வால்வில் சுண்ணாம்பு படிவதற்குக் காரணமாவது 2013-ல் தெரிய வந்தது.

ஆயினும் மரபணுவே முழுக்கதை அன்று. நாட்ச் பிழை நோயாளிகளுள் மிகச் சிலரிடமே காணப்படுகிறது. நம் நாட்டில் எத்தனையோ ஏழைச் சிறுவர்களின் வால்வு கெடுவது, கவனிக்காமல் விட்ட தொண்டைப் புண்ணில் தொடங்கும் ருமாட்டிக் காய்ச்சலால்தான். பென்சிலின் தடுக்கக்கூடிய நோய் அது.

தெரிந்து என்ன பயன்?

"மருந்தே இல்லாத நோயைத் தெரிந்துகொண்டு என்ன செய்வது?" என்று என் சித்தப்பா கேட்டார். நியாயமான கேள்வி. சுண்ணாம்பு படிவதை நிறுத்த இன்றுவரை மருந்தில்லை. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரைகள் உதவவில்லை என்பது 2008-ல் வெளியான பெரிய ஆய்விலும் உறுதியாயிற்று. ஆனால் இரண்டிதழ் வால்வு நூற்றுக்கு ஓரிருவருக்கு உண்டு. அவர்களுடைய நெருங்கிய இரத்த உறவினருள் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இருக்கக்கூடும். முன்னரே அறிந்தவர் இரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைக்கலாம்; பெருந்தமனி விரிகிறதா என்று பார்த்துவரலாம்; இதயம் தளருமுன் அறுவைக்கு நாள் குறிக்கலாம். அறியாதவர் மாடிப்படியில் விழுந்து அறிகிறார்.

இறுதியில் அக்காதான் பிடிவாதம் பிடித்து எல்லாரையும் அழைத்துப் போனாள். அவளுக்கும் எனக்கும் மூன்று இதழ். அப்பாவுக்கு இரண்டு. இப்போதைக்கு அறுவை தேவையில்லை. ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதனை. மாப்பிள்ளை வீட்டாரிடமும் அக்காவே சொன்னாள். "உனக்கு ஒன்றும் இல்லையே அம்மா?" என்று கேட்டுத் திருமணத்துக்குச் சம்மதித்தார்கள். இருந்திருந்தால்? அந்தக் கேள்வி என்னை இன்னும் விடவில்லை. ஜாதகத்தில் பத்துப் பொருத்தம் பார்க்கும் நாம், ஓர் இதழ் குறைந்ததற்காக ஒரு பெண்ணையே குறைத்து மதிப்போமா?

மாணவத் தோழர்களே! மெண்டலின் பட்டாணிச் செடிக்கு மரபு வரைபடம் போடக் கற்றிருக்கிறோம். இந்த விடுமுறையில் பாட்டியிடம் கேட்டு நம் குடும்பத்துக்கும் ஒன்று வரைவோம். யார் எந்த வயதில், எதனால் மறைந்தார் என்று எழுதி வைப்போம். பரம்பரை என்பது தலையெழுத்து என்றால் மறைக்கலாம். அது எச்சரிக்கை, சொன்னால்தான் உயிர் காக்கும்.

— மூன்றாம் ஆண்டு, விலங்கியல்