குளிர் யார் வீட்டுச் சொத்து?

'வெயிலில் வெந்த உடம்பு குளிர்நாட்டு ட்ரையத்லானுக்கு ஆகாது' என்கிறார் மஞ்சக்குப்பம் மைதானத்துக்கு நடக்க வரும் நண்பர். மார்கழிப் பனிக்கே மஃப்ளர் சுற்றும் ஊராம் இது. நானும் சுற்றுகிறவன்தான், அதனால் என்ன?

1994இல் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்தபோது தமிழ்நாட்டுக் குற்றாலீசுவரனுக்கு வயது 12. கோடையிலும் அங்கே தண்ணீர் 16, 18 டிகிரிதான். வெட்சூட் என்ற குளிர்காப்பு உடை அணிந்து கடந்தால் அந்தக் கால்வாயில் கணக்கில் சேராது. ஆனால் நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் அடுத்தடுத்து வரும் ட்ரையத்லானில் தண்ணீர் குளிர்ந்தால் வெட்சூட் அணியலாம். 12 டிகிரிக்குக் கீழே போனால் நீச்சலே ரத்து.

குளிர் கொல்லாது என்று நான் சொல்லவில்லை. பாக் நீரிணையை 1971இல் போய்த் திரும்பி நீந்திய வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தன், 1984இல் அதே ஆங்கிலக் கால்வாயில்தான் உயிர்விட்டார். குளிர்ந்த நீரில் இறங்கியதும் மூச்சு திணறும். ஒன்றிரண்டு நிமிடம் அலட்டாமல் மிதந்தால் அடங்கும். அடுத்து, ஈர உடம்போடு சைக்கிள் ஏறினால் எதிர்காற்றில் விரல் மரத்து பிரேக் பிடிக்க வராது. துடைத்துக்கொண்டு காற்றுமறைப்புச் சட்டை மாட்டப் போகும் 2 நிமிடம் வீணல்ல. இதெல்லாம் பழக்கம், தயாரிப்பு. பிறந்த ஊர் இதில் எங்கே வருகிறது?

நண்பரே, குளிர்நாட்டுப் போட்டிக்குப் போகிற பையனுக்கு உபதேசம் வேண்டாம். ஒரு ஜோடி கையுறை வாங்கிக் கொடுங்கள்.