நோயும் வேலையிழப்பும் சேர்ந்து வந்த வீட்டில் நிலத்தைக் காத்தல்

பயிர்ச்செலவிற்கென வாங்கிய கடனுக்கு அறுவடை என்று ஒரு வாய்தா உண்டு. நோய்க்கென வாங்கிய கடனுக்கு அத்தகைய வாய்தா யாதும் இல்லை. இக்காலத்தில் சிறு நிலமுடைய குடும்பங்கள் பலவும் நிலத்தின் விளைவை மட்டும் நம்பி வாழ்வனவல்ல. வீட்டில் ஒருவர் மில்லிலோ கம்பெனியிலோ வெளிநாட்டிலோ ஈட்டும் சம்பளத்தையும் சேர்த்தே நடப்பன. அச்சம்பளக்காரரே நோய்வாய்ப்பட்டு வேலையையும் இழப்பாராயின், வரவு நின்ற மாதத்திலேயே செலவு பன்மடங்காகிறது. அம்மாதத்தில் அவசரமாக இடப்படும் கையெழுத்துக்களே பின்னாளில் நிலம் தங்குமா தங்காதா என்பதை நிச்சயிக்கின்றன.

முதலாவது கவனிக்க வேண்டியது கடனின் தன்மை. ஈடின்றி வாங்கிய கைமாற்று, ஆஸ்பத்திரி பாக்கி, கடைபாக்கி ஆகியவற்றை வசூலிக்கக் கடன் கொடுத்தவர் கோர்ட்டுக்குச் சென்று டிக்ரி பெறுதல் வேண்டும். பெற்ற பின்னரும், உழுது பிழைப்பவர் குடியிருக்கும் வீடு, உழவுக் கருவிகள், பிழைப்பிற்கு இன்றியமையாத மாடு, விதைத்தானியம் ஆகியவற்றை ஜப்தி செய்யலாகாதென 1908-ஆம் ஆண்டு சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆவது பிரிவு விலக்களித்திருக்கிறது. இத்தகைய சில்லறைக் கடன்களைத் தீர்ப்பதற்காக வீட்டையே அடமானம் வைப்பவர், சட்டம் கொடுத்த காப்பைத் தம் கையாலேயே இழக்கிறார். ஆகையால் ஈடில்லாக் கடனை ஈடுள்ள கடனாக மாற்றுவதைக் கடைசி வழியாகவே கொள்ளுதல் நலம்.

இரண்டாவது, கடனுக்கு ஈடாகச் சுத்தக்கிரயம் எழுதிக் கொடுக்கும் வழக்கம். "பணத்தைத் திருப்பியதும் நிலத்தைத் திரும்ப எழுதித் தருவேன்" என்னும் வாய்ச்சொல்லை நம்பி இங்ஙனம் செய்வோர் இன்றும் உளர். அடமானமாயின் மீட்கும் உரிமை சொத்து மாற்றுச் சட்டத்தினால் உறுதியாக உண்டு. கிரயத்தை அடமானமெனக் கொள்ள வேண்டுமாயின், திரும்பக் கொடுக்கும் நிபந்தனை அதே பத்திரத்தில் எழுதப்பட்டிருத்தல் வேண்டும் என்பது 1929-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் விதி. வாய்ச்சொல் பத்திரத்தில் ஏறுவதில்லை. பணம் வாங்கியது கடனாயின், பத்திரமும் கடன் பத்திரமாகவே இருத்தல் வேண்டும்.

மூன்றாவது, வட்டி. நூற்றுக்கு மாதம் 3 ரூபாய் வட்டியில் 3,00,000 ரூபாய் வாங்கினால் மாதந்தோறும் 9,000 ரூபாய் வட்டி; ஆண்டிற்கு 1,08,000 ரூபாய். மூன்றாண்டு நிறைவதற்குள் செலுத்திய வட்டி முதலை மிஞ்சிவிடும். முதலோ குறையாமல் நிற்கும். சம்பளம் நின்ற வீட்டில் இவ்வட்டியை நிலம் ஒன்றே தாங்குவது அரிது. கந்துவட்டி, மீட்டர் வட்டி முதலியன 2003-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டத்தால் தண்டனைக்குரிய குற்றங்கள் என்பதையும் குடும்பத்தார் அறிந்திருத்தல் வேண்டும்.

ஆதலின், கூட்டுறவுச் சங்கத்திலோ பாங்கியிலோ நகைக்கடன் பெற்றும் போதாதபோது, நான்கு ஏக்கர் உள்ளவர் வட்டி ஏறுமுன் அரை ஏக்கரைத் தாமே நியாயமான விலைக்கு விற்றுக் கடனை அடைப்பது, நான்கு ஏக்கரையும் அடமானம் வைப்பதினும் மேலானது. நிலத்தை விற்பது குலத்திற்கு இழுக்கு என்று பெரியோர் தயங்குவர். அத்தயக்கத்தில் அன்பும் மானமும் உண்டு. அதனை எளிதாகத் தள்ளிவிடலாகாது. ஆயினும் ஏலத்தில் முழுநிலமும் போவதினும் பெரிய இழுக்கு எது? தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று ஆறுதல் கொள்வதே விவேகம். மேலும், கோர்ட்டு ஜப்தி செய்தபின் உடையவர் தனியே செய்யும் கிரயம் கடன் கொடுத்தவருக்கு எதிராகச் செல்லாது. எனவே விற்பதாயின் முன்னரே விற்றல் வேண்டும்.

சிலர் நிலத்தை மைத்துனர் பேரிலோ மனைவி பேரிலோ எழுதி வைத்தால் தப்பிவிடலாமென எண்ணுகின்றனர். கடன் கொடுத்தவரை ஏமாற்றும் நோக்கத்துடன் செய்த மாற்றத்தைக் கோர்ட்டு ரத்து செய்யக்கூடும். பழியும் சேரும், உறவும் கெடும், நிலமும் நில்லாது.

சர்க்கார் கடனை நீக்கும் என்று காத்திருப்பதும் தக்கதன்று. 1938-ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் இயற்றப்பட்ட விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் வட்டிப் பளுவைப் பெரிதும் குறைத்தது மெய்யே. 2021-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் 12,110 கோடி ரூபாய்க் கடன் தள்ளுபடியாயிற்று. ஆனால் அது கூட்டுறவுப் பயிர்க்கடனுக்கே உரியது. தனியாரிடம் மருத்துவத்திற்கென வாங்கிய கடனை அது தொடவில்லை. 2020-ஆம் ஆண்டில் ரிசர்வ் பாங்கி அனுமதித்த ஆறு மாதத் தவணை ஒத்திவைப்பிலும் வட்டி ஓடிக்கொண்டேயிருந்தது. வாய்தா வேறு, தள்ளுபடி வேறு.

இங்குக் கிராம அதிகாரிகளின் கடமை பெரிது. முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர வருமானச் சான்று வேண்டும்; அச்சான்றைத் தருபவர் கிராம நிர்வாக அலுவலரே. நோய் வந்தபின் ஓடுவதினும், தகுதியுள்ள குடும்பங்கள் முன்னரே பதிவு பெறும்படி அவர் தூண்டுதல் நன்று. பட்டா தகப்பனார் பேரிலோ பாட்டனார் பேரிலோ நிற்கும் வீடுகளில், அவசரக் காலத்தில் பாங்கிக் கடனும் கிடைப்பதில்லை. நியாய விலையும் கிடைப்பதில்லை. பட்டா மாறுதலைக் காலத்தில் முடித்துக் கொடுப்பது ஒரு குடும்பத்தைக் கந்துவட்டியினின்றும் காப்பதற்கு ஒப்பாகும்.

நிலமுடையவர் ஒவ்வொருவரும் தம் கடன்கள் யாவற்றையும், அவற்றின் வட்டியையும், ஈட்டையும் ஒரே தாளில் எழுதி, வீட்டுப் பெண்டிரும் வயதுவந்த பிள்ளைகளும் அறியும்படி வைத்தல் வேண்டும். படுத்த படுக்கையில் இருப்பவர் மட்டும் அறிந்த கடனே குடும்பத்தை அடியோடு சாய்ப்பது. எல்லோரும் அறிந்த கடனை எல்லோரும் சேர்ந்து தீர்க்கலாம்.