கேரியரில் உட்கார்ந்திருப்பது மூட்டை அல்ல!



ஆண்டு மலருக்குக் கட்டுரை கொடு என்று பேரவைச் செயலாளர் கேட்டபோது, "என்ன தலைப்புண்ணா?" என்றேன். "ரோபோட் பத்தி எழுதுடா, மெக்கானிக்கல் ஆச்சே" என்றார். ரோபோட்டைப் பற்றி எழுத மூன்றாம் ஆண்டு அண்ணன்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் எழுதப்போவது சைக்கிளைப் பற்றி. அதிலும் பின் சக்கரத்துக்கு மேலே இருக்கிறதே, அந்தக் கேரியரைப் பற்றி. சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டு மேலே படியுங்கள்!

எங்கள் ஊர் தேன்கனிக்கோட்டைப் பக்கம். ஊர் என்று சொல்வதே ஒரு மரியாதைக்குத்தான். கொட்டாய் என்பதுதான் சரி. கேழ்வரகுக் கொல்லைக்கு நடுவில் ஐந்து வீடுகள், அவ்வளவே. தொடக்கப்பள்ளிக்கு இரண்டரை கிலோமீட்டர் மண் ரோடு. கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதன் தமிழ்நாட்டு விதிகள், ஒரு கிலோமீட்டருக்குள் தொடக்கப்பள்ளி வேண்டும், மூன்று கிலோமீட்டருக்குள் நடுநிலைப்பள்ளி வேண்டும் என்கின்றன. ஐந்து வீட்டுக்கு ஒரு பள்ளிக்கூடம் கட்ட முடியாது, அதை நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் விதிக்கு மிஞ்சி நிற்கிற அந்த ஒன்றரை கிலோமீட்டரை ஆறு வயசுப் பிள்ளை எப்படிக் கடக்கும்? யாரோ ஒருவர் சைக்கிளில் வைத்துத்தான் கூட்டிப்போக வேண்டும். எங்கள் வீட்டில் அந்த யாரோ நான்தான். அக்கா ஓசூரில் கம்பெனி வேலை. ஆறு மணிக்கே வேன் வந்துவிடும். அக்கா மகள் ஒண்ணாம் வகுப்பு. அவளைப் பள்ளியில் இறக்கிவிட்டு, எட்டேகால் பஸ்ஸைப் பிடித்து நான் பாலிடெக்னிக் வருகிறேன்.

சைக்கிள் அரசாங்கம் கொடுத்தது. பதினொன்றாம் வகுப்பில் வாங்கியது. 2001-2002இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கிய திட்டம், பிறகு அரசு, உதவிபெறும் பள்ளிகளின் மேல்நிலை மாணவ மாணவியர் எல்லோருக்கும் விரிந்தது. சைக்கிள் படிப்பைக் காப்பாற்றுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். பீகாரில் 2006இல் ஒன்பதாம் வகுப்புப் பெண்களுக்குச் சைக்கிள் கொடுத்தார்கள். அதனால் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்த பெண்கள் 32 சதவீதம் கூடினார்கள் என்று கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் என்ற இரு பொருளாதார ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்டார்கள். அதற்கு எவ்வளவோ முன்பே, 1991 வாக்கில், புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிள் பழக்கினார்கள். அப்போது கலெக்டர் ஷீலா ராணி சுங்கத். எழுத்தும் சைக்கிளும் ஒன்றாகவே வீட்டுக்குள் வந்தன.

எல்லாம் சரி. ஆனால் இந்தக் கணக்குகளில் எல்லாம் சைக்கிளை மிதிக்கிறவர் மட்டும்தான் இருக்கிறார். பின்னால் உட்கார்ந்திருக்கிற சின்னது எந்தக் கணக்கிலும் இல்லை! அரசு ஒருவருக்குக் கொடுக்கிற சைக்கிளில் கிராமத்தில் இரண்டு பேர் பள்ளிக்கூடம் போகிறார்கள். பெரியது பதினொன்று, சின்னது ஒண்ணு. பெண்பிள்ளைகள் சைக்கிளில் முன் பார் கிடையாது, ஆகவே சின்னதற்குக் கேரியர்தான் இடம். அந்தக் கேரியர் புத்தகப் பைக்கும் மூட்டைக்கும் செய்தது.

மார்கழி மாசத்தில் எங்கள் பக்கம் வந்து பாருங்கள். ஏழரை மணிக்கும் பத்தடி தூரத்து ஆள் தெரியாது. கேழ்வரகு முற்றுகிற நேரம் என்பதால் யானை வேறு வரும். ராத்திரி எந்தக் கொல்லையில் இறங்கியது, காட்டுக்குத் திரும்பிவிட்டதா என்று கேட்டுக்கொண்டுதான் சைக்கிளையே எடுப்போம். இதில் ஒரு விஷயம் கவனித்திருக்கிறேன். மிதிக்கிறவனுக்குக் குளிராது, அரை கிலோமீட்டரில் வேர்த்துவிடும். சும்மா உட்கார்ந்து வருகிற குழந்தைக்குத்தான் குளிர் முழுவதும். என்னுடைய பழைய ஸ்வெட்டர், தலைக்குக் குல்லா, அதற்கு மேல் அம்மாவின் சால்வை, இவ்வளவும் சுற்றிக்கொண்டு உட்காருவாள். "மாமா, காலு இருக்கா இல்லையான்னே தெரியலை" என்பாள். அதுதான் என்னை யோசிக்க வைத்தது. விறைத்த கால் எங்கே தொங்குகிறது என்று அந்தக் காலுக்கே தெரியாது. குளிருக்குப் பிள்ளைகள் காலை உள்பக்கம் ஒடுக்கும். உள்பக்கம் இருப்பது சக்கரம். போதாததற்குத் தூக்கக் கலக்கம், தொங்குகிற சால்வை நுனி!

கொஞ்சம் நம் பாடத்துக்கு வருவோம். 26 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2.07 மீட்டர் போகும். மணிக்கு 12 கிலோமீட்டர் என்பது சாதாரண வேகம்தான், வினாடிக்கு 3.33 மீட்டர். அப்படியானால் வினாடிக்கு 1.6 சுற்று. 36 ஸ்போக்ஸ் கம்பி உள்ள சக்கரம் என்றால் ஒரு வினாடியில் 58 கம்பிகள் அந்தச் சின்னக் காலைக் கடந்து போகின்றன. கால் உள்ளே போனால் கம்பி அதை இழுத்துக்கொண்டு போய் ஃபிரேமின் பின் குழாயில் வைத்து நசுக்கும். குதிகால் தோல்தான் முதலில் போகும், சில சமயம் எலும்பும்.

எங்கள் பக்கத்துக் கொட்டாயில் ஒரு பையனுக்கு இது நடந்தது. சக்கரத்தை முன்னால் தள்ளிக் காலை உருவினார்கள், அதில் இன்னும் கிழிந்தது. காயம் சின்னதுதானே என்று காபித்தூள் வைத்துக் கட்டினார்கள். நாலு நாள் கழித்துத் தோல் கறுத்துப்போய், அப்புறம்தான் ஆஸ்பத்திரி. இரண்டு மாசம் பள்ளிக்கூடம் போகவில்லை. தோழர்களே, இதை மட்டுமாவது வீட்டில் சொல்லி வையுங்கள்: கால் மாட்டினால் சக்கரத்தை முன்னால் சுற்றாதீர்கள், காலைப் பிடித்து இழுக்காதீர்கள். கம்பியை வெட்டி எடுங்கள். சுத்தமான தண்ணீரில் கழுவி, சுத்தமான துணியைச் சுற்றி, அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். இந்தக் காயம் முதல் நாள் சின்னதாகத்தான் தெரியும்.

எங்கள் அப்பா கைநாட்டு. தக்காளிக் கூடை ஏற்றியே அவருக்குச் சைக்கிள் பழக்கம். அந்தப் பையனைப் பார்த்துவிட்டு வந்து அவர் சொன்னதுதான் இந்தக் கட்டுரையின் தலைப்பு ஆயிற்று. "மூட்டைய வச்சா கயிறு போட்டுக் கட்டறோம். புள்ளைய மட்டும் சும்மா குந்த வச்சிக் கூட்டிக்கினு போறோம்" என்றார். ஒரு டிப்ளமோ மாணவன் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை.

"இப்ப யாருப்பா சைக்கிள்? எல்லார் வீட்லயும் பைக்கு" என்று நகரத்து நண்பர்கள் சொல்வார்கள். இருக்கட்டும். பைக் இருந்தாலும் விடிந்ததும் அதை வேலைக்கு எடுத்துப்போய் விடுவார்கள். பைக்கிற்கே சட்டம் என்ன சொல்கிறது தெரியுமா? மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989, விதி எண் 123: பின்னால் ஆள் உட்கார இடமுள்ள மோட்டார் சைக்கிளுக்குக் கைப்பிடி வேண்டும், கால் வைக்க ஃபுட்ரெஸ்ட் வேண்டும், பின் சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கிற காப்பு வேண்டும். சேலை கார்டு என்று நாம் சொல்கிறோமே, அது இந்த விதியால் வந்ததுதான். ஐம்பதாயிரம், லட்சம் கொடுத்து வாங்குகிற வண்டியின் பின்னால் உட்காருகிற பெரியவருக்கு இந்தப் பாதுகாப்பு உண்டு. இலவசச் சைக்கிளின் பின்னால் உட்காருகிற ஆறு வயசுக்கு ஏன் வேண்டாம்?

தனியார் பள்ளி வேன் கதை தனி. அது கொட்டாய் வாசல் வரைக்கும் வந்து ஹாரன் அடிக்கிறது. இங்கிலீஷுக்காகச் சேர்த்தேன் என்று வெளியில் சொல்வார்கள். பாதிப் பேர் சேர்த்தது வேனுக்காகத்தான் என்பது என் அபிப்பிராயம். அரசுப் பள்ளியில் 2022 செப்டம்பரில் காலை உணவு ஆரம்பித்து, 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப்பள்ளிக்கும் வந்துவிட்டது. சுடச்சுடப் பொங்கலும் கிச்சடியும் இருக்கிறது. ஆனால் மணி அடிப்பதற்கு முன்னால் போனால்தான் கிடைக்கும். பனியிலேயே கிளம்ப வேண்டும். சோறு தயார், பாதை தயாராக இல்லை.

சரி, குறை சொல்லிவிட்டுப் போவதற்கா மாணவர் பேரவை? இரண்டு காரியம் செய்யலாம் என்பது என் கருத்து. ஒன்று, இலவசச் சைக்கிளுக்கு அளவு, தரம் எல்லாம் நிர்ணயிக்கும்போதே பின் சக்கரத்தின் இரு பக்கமும் வலைக் காப்பும், ஒரு ஜோடி ஃபுட்ரெஸ்டும் சேர்க்க வேண்டும் என்று பேரவை சார்பில் மனு அனுப்பலாம். ஏற்கெனவே வீடுகளில் இருக்கிற சைக்கிள்களுக்கு மனு பயன்படாது. அதனால் இரண்டாவது காரியத்தை நம் ஒர்க்‌ஷாப்பிலேயே செய்ய வேண்டும். ஃபிட்டிங்கில் இரும்புத் துண்டை நாள் கணக்கில் ராவி, வீ ஃபிட்டிங் செய்து, மார்க் போட்டதும் ஸ்கிராப்பில் வீசுகிறோமே, அந்த உழைப்பு எவ்வளவு! அதே உழைப்பில், 6 மில்லிமீட்டர் கம்பியை அரைவட்டமாக வளைத்து, அதில் சிறு கண் உள்ள கம்பி வலையை வைத்தால் காப்பு ரெடி. வலைக் கண் அரை அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது, போனால் சின்ன விரல் நுழையும். வெட்டிய வலை முனைகளை உள்பக்கம் மடக்கிவிட வேண்டும். இதைச் சைக்கிள் ஃபிரேமில் வெல்டிங் வைக்கக் கூடாது. குழாய் மெல்லியது, சூட்டில் பலம் குறைந்துவிடும். கிளாம்ப் போட்டு நட்டு முடுக்க வேண்டும். ஃபுட்ரெஸ்டை உயரம் மாற்றுகிற மாதிரி வைத்தால் பிள்ளை வளர வளர இறக்கிக்கொள்ளலாம்.

பிரேக் பற்றியும் ஒரு வார்த்தை. பனியில் ரிம் நனைந்திருந்தால் கட்டை சட்டென்று பிடிக்காது. கிளம்பிய உடனே இரண்டு மூன்று தடவை லேசாகப் பிடித்து ஈரத்தைத் துடைத்துவிட்டு அப்புறம் வேகம் எடுங்கள். இதற்கு மனுவும் வேண்டாம், வெல்டிங்கும் வேண்டாம்.

ஒரு மாதிரி செய்து என் சைக்கிளில் மாட்டியிருக்கிறேன். ஊர் வெல்டிங் பட்டறை அண்ணன் மீதிக் கம்பியிலேயே அடித்துக் கொடுத்தார், வலைக்கு மட்டும் காசு. இடது பக்கம் நன்றாக இருக்கிறது. வலது பக்கம் செயின் கவரில் உரசுகிறது, அதை இன்னும் சரி செய்ய வேண்டும். பேரவைப் பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவரப் போகிறேன். அன்றைக்குச் சைக்கிளையும் பஸ்ஸின் மேலே ஏற்றிக் கொண்டுவருகிறேன். வலது பக்கத்துக்கு வழி தெரிந்த மூன்றாம் ஆண்டு அண்ணன்கள் ஒரு ஸ்பேனரோடு வரவும்!

– இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் துறை