போர்ட்ரஷின் புதிய தடங்கள்

வட அயர்லாந்தின் ஆன்ட்ரிம் கடற்கரையில், மணற்குன்றுகளின் ஊடே அமையும் ‘லிங்க்ஸ்’ வகையில் ஹாரி கோல்ட் வடிவமைத்த ராயல் போர்ட்ரஷ் சங்கத்தின் டன்லூஸ் கோல்ஃப் மைதானம், 1951க்குப் பின் 2019இல் மீண்டும் ஓப்பன் போட்டியை ஏற்பதற்காகத் திருத்தப்பட்டபோது, சமதளத்தில் கிடந்த பழைய 17, 18ஆம் குழித்தடங்கள் நீக்கப்பட்டு, அந்நிலம் பார்வையாளர் வசதிகளுக்கு ஒதுக்கப்பட்டது. ஈடாக, சங்கத்தின் மற்றொரு மைதானத்துக் குன்றுகளில் மார்ட்டின் ஈபர்ட் அமைத்த புதிய 7, 8ஆம் தடங்கள், நீக்கப்பட்டவற்றைவிடக் கோல்ட்டின் போக்குக்கு நெருக்கமானவை என்பதை மறுப்பதற்கில்லை. பழைய 17ஆம் தடத்தின் ‘பிக் நெல்லி’ என்னும் பெரிய பங்கரை, அதாவது மணற்பள்ளத்தை, ஏழாம் தடத்தில் நகலெடுத்தது மட்டும் சற்று மிகையான பழமைப்பற்று. பார்வையாளர் கூடாரங்களுக்கு இடம் தேடும் பிற பழைய சங்கங்கள் இந்தத் தடமாற்றத்தை முன்னுதாரணமாகக் காட்டுமுன், போர்ட்ரஷுக்கு வாய்த்த உபரிக் குன்றுகள் தமக்கும் உண்டா என்று பார்க்க வேண்டும்.