துப்பினால்தான் நிம்மதி!

அவனியாபுரத்தில் துள்ளி வரும் காளையைக் கண்டால் திண்ணையில் ஏறித் தப்பிக்கலாம். ராமேஸ்வரம் கடலில், விசைப்படகு இன்ஜின் கொதித்தால் எந்தத் திண்ணையில் ஏறுவது?

வேடிக்கை பார்க்க மச்சினன் படகில் போயிருந்தேன். சூட்டு முள் சிவப்பைத் தொட்டது. "மூடியைத் திறந்து தண்ணி ஊத்தேன்!" என்றேன் மேதாவியாக.

"திறந்தா ஆவி அடிச்சு மூஞ்சி வெந்துடும், மச்சான்!"

பக்கவாட்டுக் குழாயை எட்டிப் பார்த்தான். உறிஞ்சிய கடல் தண்ணீர் இன்ஜின் சூட்டை வாங்கிக்கொண்டு அதன் வழியே வெளியே கொட்ட வேண்டுமாம். சொட்டுகூட இல்லை. பி.காம். மூளைக்குச் சட்டென்று புரிந்தது. வரவே இல்லை, அப்புறம் ஏது செலவு!

இன்ஜினை நிறுத்தினான். "மெதுவாப் பாரு, என்ன அவசரம்?" என்றேன். முறைத்தான். 1974-ல் கச்சத்தீவுக்கு மேற்கே எல்லைக்கோடு போட்டாகிவிட்டது. நீரோட்டம் படகைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் இழுத்துப் போனால், 'இன்ஜின் சூடாயிடுச்சு சார்' என்று இலங்கைச் சிறையில்தான் விளக்க வேண்டும்.

கடல் வால்வை மூடி, வடிகட்டியைக் கழற்றினான். "இதுல அடைப்பு இல்லேன்னா பம்பு ரப்பர் இறக்கை போயிருக்கும். இல்லேன்னா பெல்ட்டு..." பேச்சு நின்றது. உள்ளே பிளாஸ்டிக் பைத் துண்டு!

பிடுங்கிப்போட்டு, வால்வைத் திறந்து, ஸ்டார்ட் செய்தான். குழாய் கொளகொளவென்று துப்பியது. அப்பாடா!

துண்டில் அரைகுறையாக ஜவுளிக்கடை விலாசம்: '...மதுரை-1'. மச்சினன் என்னைப் பார்த்தான். நான் கடலைப் பார்த்தேன்.