தண்டோரா தபால் ஆகாது

அமெரிக்கத் தொலைக்காட்சி நிலையங்களின் பக்கம் நின்று எழுதியிருக்கும் ஒரு கட்டுரையாளரின் வாதம் இதுதான். ஏ.டி.எஸ்.சி 3.0 என்ற புதிய ஒளிபரப்பு முறை வந்துவிட்டது. இனி ஒரே டவரிலிருந்து லட்சக்கணக்கான கார்களுக்கு, அந்தந்தக் காருக்கு வேண்டிய தகவலைத் தனித்தனியே அனுப்பலாம். செல்போன் இணைப்பைக் காரிலிருந்து கழற்றிவிடலாம். ஆகவே பழைய ஒளிபரப்பைச் சீக்கிரம் நிறுத்த வேண்டும். இந்த நான்கில் முதலாவது மட்டும் உண்மை. மற்ற மூன்றும் தவறு.

‘தனித்தனியே’ என்ற சொல்லில்தான் மொத்த ஏமாற்றும் இருக்கிறது. அமெரிக்காவில் ஒரு தொலைக்காட்சிச் சானலின் அகலம் 6 மெகாஹெர்ட்ஸ். புதிய முறையில் அதில் நடைமுறையில் வினாடிக்குச் சுமார் 25 மெகாபிட் அனுப்பலாம். டவரின் எல்லைக்குள் ஒரு லட்சம் கார்கள் ஓடுகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு தகவல் அனுப்பினால், ஒரு காருக்கு வினாடிக்குக் கிடைப்பது 250 பிட், அதாவது ஆங்கிலத்தில் முப்பதே எழுத்து. அதுவும் அந்தச் சானலில் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சிகூட ஓடவில்லை என்றால்தான். கட்டுரையாளர் இந்த வகுத்தலைப் போட்டுப் பார்க்கவே இல்லை. போட்டிருந்தால் கட்டுரை எழுதியிருக்க முடியாது.

செல்போன் கம்பெனி எப்படிச் சமாளிக்கிறது? அதன் டவர் சிறிது தூரமே எட்டும். அடுத்த தெருக்கோடியில் இன்னொரு டவர் அதே அலைவரிசையை வேறு ஆளுக்குத் தருகிறது. தொலைக்காட்சி டவர் பல பத்து மைல்களுக்கு ஒரே குரலில் பேசுகிறது. ஒரு காருக்கான தகவலை அனுப்பினாலும் அந்த வட்டாரம் முழுவதும் அதைச் சுமந்தாக வேண்டும். மற்ற கார்கள் முகவரியைப் பார்த்துத் தள்ளிவிடும், அவ்வளவுதான். ஊருக்கே கேட்கும்படி தண்டோரா போட்டு ஒருவருக்கு மட்டும் கடிதம் கொடுக்கிற வேலை இது.

ஒளிபரப்பை நான் குறைத்துப் பேசவில்லை. எல்லோருக்கும் ஒரே செய்தி என்றால் அதற்கு ஈடு இல்லை. ஒரே மாடல் கார்களுக்கான 5 ஜிபி மென்பொருளை முழுச் சானலில் விட்டால், சுமார் 27 நிமிடத்தில் வட்டாரம் முழுக்கப் போய்ச் சேரும். பெறும் கார் பத்தா பத்து லட்சமா என்பது பொருட்டே இல்லை. ஜிபிஎஸ் பிழையைச் சென்டிமீட்டர் அளவுக்குக் குறைக்கும் திருத்தத் தகவல், புயல் எச்சரிக்கை, வரைபடம் எல்லாம் இந்த வகை. இந்த நியாயமான பயனோடு நிறுத்தியிருந்தால் எனக்குச் சண்டை இல்லை.

அங்கேயும் செல்போன் இணைப்பைக் கழற்றிவிட முடியாது. ஒளிபரப்பு ஒருவழிப் பாதை. அடித்தளப் பார்க்கிங்கில் நின்ற கார் நடுவில் ஒரு துண்டைத் தவறவிட்டால், ‘எனக்கு வரவில்லை’ என்று டவரிடம் சொல்ல வழியே கிடையாது. மென்பொருள் எந்தக் காரில் ஏறியது, எதில் ஏறவில்லை என்று கம்பெனிக்குத் தெரிந்தாக வேண்டும். பிரேக்கை ஆளும் மென்பொருளில் இது உயிர்ப் பிரச்சினை. அந்தப் பதில் சிம் வழியாகத்தான் திரும்பும்.

அனுபவமும் கட்டுரையாளருக்கு எதிராகவே நிற்கிறது. குவால்காமின் மீடியாஃப்ளோ கைபேசிக்குத் தொலைக்காட்சி அனுப்பியது. 2011-இல் மூடப்பட்டது, அதன் அலைக்கற்றை ஏடி&டி-க்கு 192.5 கோடி டாலருக்கு விற்கப்பட்டது. ஒளிபரப்பாளர்களே சேர்ந்து நடத்திய டைல் என்ற கைபேசித் தொலைக்காட்சிச் சேவை 2015-இல் நின்றது. அனுப்ப ஆள் இருந்தது, வாங்கும் கருவி மக்கள் கையில் போதுமான அளவு இல்லை. இன்றும் அதே நிலைதான். காப்புரிமை வழக்கால் எல்ஜி தன் 2024 அமெரிக்க டிவிகளில் 3.0 டியூனரையே வைக்கவில்லை. டிவிக்குள்ளேயே உறுதியாக நுழையாத டியூனர் எல்லாக் காருக்குள்ளும் வந்துவிடும் என்று எதை வைத்துச் சொல்கிறார்?

எனக்கு உண்மையில் கோபம் வருவது, பழைய ஒளிபரப்பை நிறுத்தச் சொல்லும் அவரது நான்காவது வாதத்தில்தான். அமெரிக்காவின் தேசிய ஒளிபரப்பாளர் சங்கம் 2025 பிப்ரவரியில், அந்நாட்டின் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி-யிடம் மனு கொடுத்தது. முதல் 55 பெரிய தொலைக்காட்சிச் சந்தைகளில் 2028 பிப்ரவரிக்குள்ளும், மற்ற இடங்களில் 2030-க்குள்ளும் பழைய முறையை முடிக்க வேண்டும் என்கிறது அது. ஆன்டெனா வைத்து இலவசமாகப் பார்க்கும் ஏழைக் குடும்பமும் தனியே வாழும் முதியவரும் புதிய கருவி வாங்க வேண்டும். அவர்கள் இழப்பதைப் பற்றி அந்தக் கட்டுரையில் ஒரு வரி கிடையாது. டிஜிட்டலுக்கு மாறுவதற்கென்று 1997-இல் நிலையங்களுக்குத் தரப்பட்ட கூடுதல் சானல் ஏலமின்றி வந்தது. 2017-இல் முடிந்த ஏலத்தில், இதே தொலைக்காட்சி அலைவரிசையிலிருந்து எடுத்த பகுதிக்கு மற்றவர்கள் கொடுத்தது சுமார் 1,980 கோடி டாலர். நிலையங்களோ ஒரே ஒரு சாதாரணத் தரச் சானலை இலவசமாகக் காட்டிவிட்டு, மீதி இடத்தைத் தகவல் வியாபாரத்துக்கு விடலாம். அதற்கு அரசுக்குத் தருவது அந்த வருமானத்தில் 5 சதவீதம். இதைப் பொதுநலம் என்று எழுதுவது வாசகருக்குச் செய்யும் துரோகம்.

இந்தியாவில் டி2எம் (நேரடியாகக் கைபேசிக்கு ஒளிபரப்பு) என்ற பெயரில் சோதிக்கப்படுவதும் இதே ஏ.டி.எஸ்.சி 3.0 தான். இதே வாதம் நம்மிடமும் வரும். வரும்போது இரண்டு கேள்வி கேளுங்கள்: ஒரு வண்டிக்கு எத்தனை பிட்? அதற்கு இடம் கொடுத்து ஒதுங்கப்போகும் இலவசச் சானல் எது?