இடம் காட்டாமல் அபராதமா?

2022 தீபாவளிப் பட்டாசுக் குப்பை தெருவில் கிடக்கும்போதே தமிழ்நாடு அரசின் புதிய போக்குவரத்து அபராதங்கள் நடைமுறைக்கு வந்துவிட்டன. குடித்துவிட்டு வண்டி ஓட்டினால் 10,000 ரூபாய், ஆம்புலன்ஸுக்கு வழிவிடாவிட்டால் 10,000 ரூபாய் என்பதையெல்லாம் முழு மனதோடு வரவேற்கிறோம். பிறர் உயிரோடு விளையாடுகிறவர்களுக்கு இரக்கம் காட்ட வேண்டியதில்லை. ஆனால், அவற்றைக் கொண்டுவந்த அதே அரசாணையில் ‘நோ பார்க்கிங்’ அபராதத்தையும் 100 ரூபாயிலிருந்து 500 ரூபாயாக ஏற்றியிருக்கிறார்கள். மறுபடி பிடிபட்டால் 1,500 ரூபாய். சாலையில் பாதியை அடைத்து நிற்கும் பெரிய காருக்கும் இதே தொகைதான். கீரைக்கட்டு ஏற்றிவந்து ஓரமாக நிற்கும் டிவிஎஸ் எக்ஸ்எல்லுக்கும் இதே தொகைதான். இந்த முடிவு அநியாயமானது. இதைத் திரும்பப் பெற வேண்டும்.

தவறான இடத்தில் நிறுத்தினால் தண்டிக்கலாம். சரியான இடம் எது என்று முதலில் காட்டியிருக்க வேண்டும். தமிழ்நாட்டில் பதிவான வாகனங்களில் ஐந்தில் நான்குக்கு மேல் இரு சக்கர வாகனங்கள். அவை நிற்பதற்கென்று நம் கடைவீதிகளில் கோடு போட்ட இடம் எவ்வளவு? சென்னை ரிச்சி தெருவிலும் என்.எஸ்.சி. போஸ் சாலையிலும், மதுரை மாசி வீதிகளிலும், திருச்சி சின்னக்கடை வீதியிலும், கோவை ஒப்பணக்கார வீதியிலும் போய் நின்று பார்க்கட்டும். ‘இங்கே நிறுத்தாதே’ என்ற பலகை கண்ணில் படும் அளவுக்கு ‘இங்கே நிறுத்து’ என்ற பலகை கண்ணில் படாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 117ஆவது பிரிவு, வாகனங்கள் நிற்கும் இடங்களை உள்ளாட்சி அமைப்போடு கலந்து தீர்மானிக்கும் அதிகாரத்தை மாநில அரசுக்குத் தந்திருக்கிறது. அபராதப் பிரிவு மட்டும் நினைவுக்கு வந்து, அதே சட்டத்தில் உள்ள இந்தப் பிரிவு நினைவுக்கு வராமல் போனது எப்படி?

அவகாசம் இல்லை என்று சொல்லவும் முடியாது. அபராதங்களை உயர்த்திய மத்தியச் சட்டத் திருத்தம் 2019 செப்டம்பர் 1 அன்றே நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாடு அதைக் கையில் எடுத்தது 2022 அக்டோபரில்தான். இடையில் மூன்று ஆண்டுகள் இருந்தன. அந்த மூன்று ஆண்டுகளில் ஊருக்குப் பத்துத் தெருவையாவது அளந்து, வெள்ளைக் கோடு போட்டு, நிழலுக்கு நாலு மரம் வைத்திருந்தால் இன்று இந்த அபராதத்தை எதிர்க்க யாருக்கும் வாய் வந்திருக்காது.

இதைவிட எரிச்சலூட்டுவது இன்னொன்று. இருசக்கர வாகனத்தில் வருகிறவர் ஏன் இந்த இடத்தில் நிறுத்துகிறார், ஏன் அந்த இடத்தில் நிறுத்த மறுக்கிறார் என்று உத்தரவு போட்டவர்கள் ஒருமுறையும் விசாரித்ததாகத் தெரியவில்லை. வண்டியை விட்டவர் சோம்பேறி, ஒழுங்கில்லாதவர் என்பதே அவர்களுடைய முடிவு. உண்மை அதுவல்ல. வண்டி நிறுத்துகிற ஒவ்வொருவருக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கு நியாயமானது.

முதலாவது, வண்டி கண்ணில் பட வேண்டும். காரைப் பூட்டினால் உள்ளே உள்ளதெல்லாம் பத்திரம். பைக்குக்குக் கதவு கிடையாது. பெட்ரோல் குழாயை யார் வேண்டுமானாலும் பிடுங்கலாம். ஹேண்டில் லாக்கை உடைக்க அதிக நேரம் ஆகாது. பல குடும்பங்களுக்கு மாதத் தவணை முடியாத அந்த வண்டிதான் வீட்டிலேயே விலை உயர்ந்த பொருள். கடைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தால் தெரிகிற இடத்தில் அதை நிறுத்துகிறவரை எப்படிக் குறை சொல்வது? டீக்கடைக்காரரிடம் ‘அண்ணே, வண்டியைக் கொஞ்சம் பார்த்துக்குங்க’ என்று சொல்லிவிட்டுப் போகிறார்களே, நம் ஊரில் நடைமுறையில் இருக்கும் ஒரே வாகனப் பாதுகாப்புத் திட்டம் அதுதான்.

இரண்டாவது, நிழல். சித்திரை வெயிலில் இரண்டு மணி நேரம் நின்ற வண்டியின் சீட்டில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு இது தெரியும். பின்சீட்டில் குழந்தையை உட்கார வைக்க வேண்டிய தாய்க்கு இன்னும் நன்றாகத் தெரியும். தெருவில் ஒரு வேப்பமரம் இருந்தால் அதைச் சுற்றி இருபது வண்டி நிற்பது ஒழுங்கீனம் என்று எழுதுகிறவர்கள், வெயிலில் வண்டி விட்டு எடுத்ததே இல்லை.

மூன்றாவது, வெளியே எடுக்கிற வழி. ஒப்பந்தக்காரர் நடத்தும் ஸ்டாண்டுகளில் வண்டிகளை இடைவெளியே இல்லாமல் அடுக்கிவிடுகிறார்கள். இடம் போதவில்லை என்று ஹேண்டில் லாக் போட்ட வண்டியையும் பின்சக்கரத்தைப் பிடித்து இழுத்துத் தள்ளுகிறார்கள். ஒரு வண்டி சாய்ந்தால் வரிசையே சாய்கிறது. கண்ணாடி உடைந்தாலும் இண்டிகேட்டர் நொறுங்கினாலும் டோக்கனைத் திருப்பி, ‘சேதத்துக்கு நிர்வாகம் பொறுப்பல்ல’ என்ற வரியைக் காட்டுகிறார்கள். வரிசையின் நடுவில் மாட்டிய ஸ்கூட்டரை மெயின் ஸ்டாண்டிலிருந்து இறக்கி, இரண்டு பக்கமும் உள்ள வண்டிகளை நகர்த்தி வெளியே எடுப்பது புடவை கட்டிய பெண்ணுக்கும் அறுபது வயதுக்காரருக்கும் என்ன பாடு என்பதை யாராவது யோசித்தார்களா? இவர்கள் வரிசையின் ஓரத்தைத் தேடுவார்கள். ஓரம் கிடைக்காவிட்டால் தெருவுக்குத்தான் வருவார்கள்.

நான்காவது, தரை. சைடு ஸ்டாண்டில் சாயும் வண்டிக்குக் கெட்டியான சமதளம் வேண்டும். மழையில் ஊறிய மண்ணிலும், வெயிலில் இளகிய தாரிலும் ஸ்டாண்டு புதைந்து வண்டி விழுந்துவிடும். ஒதுக்குகிறோம் என்று அதிகாரிகள் காட்டும் இடங்களோ, பெரும்பாலும் ஊருக்கு வேறு எதற்கும் பயன்படாத மேடுபள்ளங்கள்.

கட்டடத்தின் அடித்தளத்தில் இடம் இருக்கிறதே என்பார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் அடித்தளங்களில் நிறுத்தியிருந்த வண்டிகள் கூட்டம் கூட்டமாக மூழ்கின. அந்த நகரத்தில், ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வண்டியைக் கீழே இறக்க மக்கள் தயங்குவது அனுபவம் கற்றுத்தந்த எச்சரிக்கை. மழை இல்லாத நாளிலும், இரவுப் பணி முடித்து வரும் செவிலியர் விளக்கு எரியாத தளத்துக்குத் தனியாக இறங்கிப் போக வேண்டும் என்று எதிர்பார்ப்பது சரியா?

நடைபாதையை மறித்து நிறுத்துவதை நாம் ஆதரிக்கவில்லை. கைத்தடியோடு வரும் பார்வையற்றவரையும் சக்கர நாற்காலியில் வருபவரையும் சாலைக்குத் தள்ளிவிடும் வண்டியைத் தாராளமாகத் தூக்கிச் செல்லுங்கள். பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் வண்டியையும் அப்படியே. ஆனால், யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் கடையோரம் ஒதுங்கி நிற்கும் வண்டிக்கும் அதே தண்டனை என்றால், அதில் நீதி இல்லை.

இப்போது அந்த 500 ரூபாய்க்கு வருவோம். 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த கட்டட விதிகள் ஒரு காருக்கு இரண்டரை மீட்டர் அகலமும் ஐந்து மீட்டர் நீளமும் கேட்கின்றன. இரு சக்கர வாகனத்துக்கு ஒரு மீட்டர் அகலமும் 1.8 மீட்டர் நீளமும் போதும். அதாவது, ஒரு கார் அடைக்கும் பரப்பில் ஆறுக்கும் மேற்பட்ட பைக்குகளுக்கான பரப்பு இருக்கிறது. சென்னையில் 2019இல் கொண்டுவந்த கட்டண நிறுத்தத் திட்டத்தில் காருக்கு மணிக்கு 20 ரூபாய், பைக்குக்கு 5 ரூபாய் என்று வைத்தார்கள். கட்டணம் வாங்கும்போது கால் பங்கு. கட்டட விதியில் ஆறில் ஒரு பங்குக்கும் குறைவு. அபராதம் விதிக்கும்போது மட்டும் காருக்குச் சமம். எந்தத் தராசில் நிறுத்தார்கள் இதை?

மத்தியச் சட்டம் அப்படிச் சொல்கிறது என்று தப்பிக்கவும் வழியில்லை. அபராதத்தை அங்கேயே கட்டித் தீர்க்கும் தொகையை முடிவு செய்யும் அதிகாரம் 200ஆவது பிரிவின்படி மாநில அரசிடம்தான் இருக்கிறது. குஜராத் அரசு 2019 செப்டம்பரிலேயே பல தொகைகளைக் குறைத்தது. அபாயகரமாக ஓட்டும் குற்றத்துக்கு வாகன வகையைப் பார்த்து வெவ்வேறு தொகை வைத்தது. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியவில்லை? முயன்று பார்க்கவில்லை என்பதே பதில்.

உத்தரவு முதலில், ஏற்பாடு பிறகு என்பது நம் அரசுகளுக்குப் பழகிப்போன நடைமுறை. 2015 ஜூலை 1 முதல் ஹெல்மெட் கட்டாயம் என்று நீதிமன்றம் சொன்னது. நல்ல உத்தரவு, உயிர் காக்கும் உத்தரவு. ஆனால், அதை நடைமுறைப்படுத்த வேண்டியவர்கள் ஊருக்குத் தேவையான ஹெல்மெட் கடைகளில் இருக்கிறதா என்று பார்க்கவில்லை. தட்டுப்பாடு வந்தது, விலை ஏறியது, தரமில்லாத தொப்பிகள் நடைபாதையில் விற்றன. மக்கள் தலையைக் காப்பாற்றிக்கொள்வதைவிட அபராதத்திலிருந்து தப்பிப்பதே நோக்கமாக வாங்கினார்கள்.

2017 செப்டம்பரில் இன்னொரு உத்தரவு. அசல் ஓட்டுநர் உரிமம் கையில் இருந்தே தீர வேண்டும் என்றார்கள். அசலைத் தொலைத்தவர் என்ன செய்வார், முதலாளியிடம் அசலைக் கொடுத்துவிட்டு ஓட்டும் லாரி ஓட்டுநர் என்ன செய்வார் என்று கேட்டபோது பதில் இல்லை. மாநிலம் முழுவதும் குழப்பம். அடுத்த ஆண்டே செல்பேசியில் காட்டும் மின்னணு ஆவணம் போதும் என்று மத்திய விதி மாறியது. இடைப்பட்ட காலத்தில் மக்கள் பட்ட அலைச்சலுக்கு எவரும் பொறுப்பேற்கவில்லை.

2022 மே 23 முதல் சென்னையில் பின்னால் உட்காருபவருக்கும் ஹெல்மெட் வேண்டும் என்பதைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்தத் தொடங்கினார்கள். அதுவும் சரியான முடிவுதான். ஆனால், கணவனும் மனைவியும் வண்டியை நிறுத்திவிட்டுக் கடைக்குப் போகும்போது அந்த இரண்டு ஹெல்மெட்டுகளை எங்கே வைப்பார்கள் என்று கேட்கவில்லை. பல ஸ்டாண்டுகளில் ஹெல்மெட்டுக்குத் தனிக் காசு. கண்ணாடியில் மாட்டிவிட்டுப் போனால் திரும்பி வரும்போது இருக்காது. கையில் தூக்கிக்கொண்டு துணிக்கடையில் ஏறி இறங்குகிறார்கள். ஹெல்மெட் இல்லாவிட்டால் 1,000 ரூபாய் அபராதம் கேட்கும் அரசு, ஹெல்மெட்டை வைக்க ஒரு பூட்டுப் பெட்டிகூடத் தரவில்லை.

தியாகராய நகரின் அடுக்குமாடி நிறுத்தகம் இன்னொரு பாடம். 2019 நவம்பரில் பாண்டி பஜாரில் நடைபாதை வளாகத்தைத் திறந்தார்கள். நடப்பவர்களுக்கு அது உண்மையிலேயே பெரிய வரம். ஆனால், அங்கே வருகிறவர்களின் வண்டிகளுக்கான நிறுத்தகம் அதற்கு அடுத்த ஆண்டுகூடத் திறக்கப்படவில்லை, 2021இல்தான் வந்தது. ஐந்நூறு பைக்குகளுக்கு மேல் நிறுத்தலாம் என்றார்கள். வந்த பிறகும் சுற்றுத் தெருக்களில் வண்டிகள் நின்றுகொண்டுதான் இருக்கின்றன. அரை மணி நேரத்தில் ஒரு ஜாக்கெட் துணி வாங்கப் போகிறவர் அடுக்குமாடிக்குப் போய், டோக்கன் வாங்கி, நிறுத்தி, கடைக்கு நடந்து, மறுபடி நடந்து வர மாட்டார். இதை முன்கூட்டியே சொல்ல நிபுணர் தேவையில்லை. ரங்கநாதன் தெருமுனையில் நிற்கும் பூக்காரம்மாவைக் கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை. இவர்கள் யாரையும் கேட்பதில்லை. காரில் வருகிறவர்கள் காரில் வருகிறவர்களுக்காகத் திட்டம் போட்டுவிட்டு, மிச்சம் இருக்கும் மூலையைப் பைக்குக்கு ஒதுக்குகிறார்கள். அந்த மூலையில் நிறுத்த முடியாதவனைக் குற்றவாளி ஆக்குகிறார்கள்.

யார் அந்தக் குற்றவாளிகள்? சாப்பாட்டுப் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு இரண்டு நிமிடத்தில் கிளம்பும் இளைஞர். ஒரு நாளைக்குப் பத்து மருத்துவமனை ஏறி இறங்கும் மருந்து விற்பனைப் பிரதிநிதி. பையில் கருவிகளோடு வீடு வீடாகப் போகும் எலெக்ட்ரீஷியன். அரசு மருத்துவமனையில் படுத்திருக்கும் அப்பாவுக்குக் கஞ்சி கொண்டுவரும் மகள். இவர்களில் பலருக்கு 500 ரூபாய் என்பது ஒரு நாள் வருமானம். 1,500 என்பது ஒரு மாத மளிகையில் கை வைப்பது. இவர்கள் தொழிலே ஒரு நாளைக்குப் பலமுறை நிறுத்தி நிறுத்திப் போவதுதான் என்பதால், ‘மறுமுறை’ என்ற அந்த மூன்று மடங்கு அபராதம் குறிபார்த்து இவர்கள் தலையில்தான் விழும். ஓட்டுநரோடு காரை வைத்திருப்பவருக்கு இந்தத் தொல்லையே இல்லை. போலீஸ்காரர் வந்தால் ஓட்டுநர் வண்டியை எடுத்துக்கொண்டு ஒரு சுற்று போய்வருவார்.

விபத்தைக் குறைக்கவே இந்த உயர்வு என்கிறார்கள். மருந்துக்கடை வாசலில் ஓரமாக நிற்கும் மொபெட்டால் எத்தனை விபத்து நடந்தது என்று அரசாணையில் ஒரு வரியாவது எழுதியிருக்கலாம். சிக்னலை மதிக்காமல் பறப்பவரையும், எதிர்த்திசையில் வருபவரையும் ஓடிப் பிடிக்க வேண்டும். நிற்கும் வண்டியைப் பிடிக்க ஓட வேண்டியதில்லை. செல்பேசியில் ஒரு படம் எடுத்தால் வேலை முடிந்தது. மாதக் கடைசியில் எந்த வழக்கு அதிகம் பதிவாகும் என்பதை இப்போதே சொல்லிவிடலாம். எளிதில் வசூலாவதை எளியவர்களிடம் வசூலிப்பதற்குச் சாலைப் பாதுகாப்பு என்று பெயர் வைக்கக் கூடாது.

இரு சக்கர வாகனங்களுக்கான நிறுத்த அபராதத்தை அரசு உடனே நிறுத்தி வைக்க வேண்டும். உள்ளாட்சிகளும் காவல்துறையும் கடைவீதி வியாபாரிகளும், முக்கியமாக வண்டி ஓட்டுகிறவர்களும் ஒன்றாக உட்கார்ந்து பேச வேண்டும். எந்தத் தெருவில், எந்த ஓரத்தில், எந்த நேரத்தில் என்பது அந்தந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும். அபராதம் என்று இதுவரை வாங்கிய பணத்தில் ஒரு பகுதியையாவது இடம் குறிக்கவும் நிழல் போடவும் செலவிடட்டும். அதற்குப் பிறகும் பேருந்து நிறுத்தத்தில் கொண்டுபோய் வண்டியை நிறுத்துகிறவரிடம் 500 அல்ல, 1,000 வாங்கினாலும் இந்தப் பத்தியில் எதிர்ப்பு வராது.